பின்னால் நிற்பவனின் வரலாறு

1

எங்கள் பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் யாரை முன்னால் விடுவது என்று சண்டை வரும். யாரைப் பின்னால் நிறுத்துவது என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்கள்தான் பேக். காரணம் கேட்டால், 'அவனுங்க காலு கல்லு மாதிரிடா, ஷூ போட்டவன் மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது' என்பார்கள். முன்னால் ஆடியவர்கள் கோழிப்பண்ணை வைத்திருந்த, லாரி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் காலில் ஷூ இருந்தது. கோல் போட்டால் அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்துவோம். பேக் ஆடியவனின் பெயர் மைதானத்தில் ஒரே ஒரு சமயத்தில்தான் கேட்கும்: அவன் பந்தைக் கோட்டைவிடும்போது.

ஒரு வருஷம் நாமக்கல்லுக்குப் போட்டிக்குப் போனோம். ஷூ இல்லாதவன் இறங்கக்கூடாது என்றார்கள். இருந்த ஷூ, இருந்தவர்களுக்கே சரியாய்ப் போயிற்று. எங்கள் அணியில் இருந்த ஆகச் சிறந்த பேக் ஒரு மலையாளிப் பையன். (வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேந்தமங்கலம் பக்கம் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல, கொல்லிமலைப் பழங்குடி.) அவன் கோட்டுக்கு வெளியே எங்கள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தான். ஏழு கோல் வாங்கினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சொன்னான்: 'நான் நின்னிருந்தா நாலோட நிறுத்தியிருப்பேன்.'

அந்த மூன்று கோல் எந்த ஏட்டில் இருக்கிறது? நடந்தவற்றை எழுதுவதுதான் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் நடக்கவிடாமல் தடுத்தவனை எங்கே எழுதுவது? விழுந்த கோலுக்கு நிமிஷக் கணக்கு உண்டு, போட்டவன் பெயர் உண்டு. விழாத கோலுக்கு ஆவணம் கிடையாது. தடுப்பாட்டக்காரன் ஆவணக் காப்பகத்துக்கு வெளியே நிற்கிறவன். 'விளிம்புநிலை வரலாறு' பற்றி இவ்வளவு பேசியிருக்கிற நாம், இந்த எளிய விஷயத்திலிருந்தே தொடங்கலாம் என்று படுகிறது. அதற்கு எனக்கு உதவுகிற மனிதர் இன்னொரு மலையிலிருந்து வந்தவர்.

2

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கொடியைப் பிடித்து நடந்தவர் தாலிமெரென் ஆவோ. கால்பந்து அணியின் தலைவர். நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் 1918இல் பிறந்தவர். தகப்பனார் பாப்டிஸ்ட் சபை ஊழியர். கந்தல் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடிய பையன், கௌஹாத்தி காட்டன் கல்லூரி வழியாகக் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார். 1943இல் மோகன் பாகான் அணியில் சேர்கிறார். முன்வரிசையில் ஆடிப் பழகியவரை அங்கே பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தடுப்பாட்டக்காரராகவே அணித் தலைவராகிறார்.

1948 ஜூலை 31, லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்ட் மைதானம். எதிரே பிரான்ஸ். இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். 2-1 என்று தோற்றோம். பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகள் வீணாயின. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பிரான்ஸ் ஜெயிக்கிற கோலைப் போட்டது. இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. தொண்ணூறு நிமிஷத்தில் பெரும்பகுதி பிரான்ஸை ஒரே கோலில் நிறுத்தி வைத்திருந்தது யார், எப்படி என்பது மட்டும் எழுதப்படவில்லை.

வேறொன்றும் எழுதப்படவில்லை. ஆவோ பிறந்த அதே 1918இல்தான் நாகா கிளப் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரில் தொழிலாளர் படையாகப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பியவர்களும் அதைத் தொடங்கியவர்களில் உண்டு. அதாவது, நாகர்கள் வெளிநாடு போனது கால்பந்துக்காக அல்ல. முதலில் மண் வெட்டவும் மூட்டை தூக்கவும்தான். 1947 ஆகஸ்ட் 14, இந்தியா விடுதலை பெறுவதற்கு முந்தின நாள், நாகா தேசியக் குழு தன் மக்களின் சுதந்திரத்தை அறிவித்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாகர் லண்டனில் இந்தியக் கொடியைத் தூக்கி நடக்கிறார். அந்த நேரத்தில் அவர் மனசுல என்ன ஓடியிருக்கும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவருக்காக நாம் யோசித்துச் சொல்வது இன்னொரு ஆக்கிரமிப்பு. ஒன்றை மட்டும் சொல்லலாம். தேசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைக்கு மலையிலிருந்து வந்த ஒரு கொடிதூக்கி தேவைப்பட்டார். அந்த மலை என்ன கேட்டது என்பது அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

லண்டனில் ஆர்சனல் அணி அவரை ஆடக் கூப்பிட்டதாகவும், படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்துத் திரும்பியதாகவும் அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். டாக்டராக வேண்டும் என்பது, நோயில் இறந்துபோன தகப்பனாரின் விருப்பம். திரும்பினார், எம்.பி.பி.எஸ். முடித்தார், அசாமில் வேலை பார்த்தார், பிறகு கோஹிமாவுக்குப் போனார். நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக இருந்து 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் காலமானார்.

அவர் மருத்துவம் பார்த்த அந்தக் கால் நூற்றாண்டு எப்படிப்பட்டது? 1958இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வருகிறது. 1963 டிசம்பர் 1 நாகாலாந்து தனி மாநிலமாகிறது. இடையில் நாகர் இயக்கத் தலைவர் பிசோ 1960இல் லண்டன் போய்ச் சேர்கிறார். திரும்பவே முடியாமல் 1990இல் அங்கேயே இறக்கிறார். ஒருவர் லண்டனிலிருந்து திரும்பி வருகிறார், இன்னொருவர் லண்டனிலிருந்து திரும்ப முடியாமல் போகிறார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் நாகர்களின் 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

நம்ம ஆட்கள் எழுதுவதோ 'ஆர்சனல் கூப்பிட்டும் போகாதவர்' என்று மட்டும். நுழையாத ஒரு கதவை வைத்து ஒரு முழு வாழ்க்கையை அளந்து முடித்துவிடுகிறார்கள். ஆர்சனல் கூப்பிட்டதால்தான் அவர் பெரியவர் என்றால், பெரியவர் யார் என்று தீர்மானிக்கிற அதிகாரம் இன்னும் லண்டனில்தான் இருக்கிறது என்று பொருள். மலைக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்த்ததும் தடுப்பாட்டம்தானே? அங்கேயும் கணக்கில் வருவது செத்தவர்கள்தான். சாகாமல் தடுக்கப்பட்டவர்கள் அல்ல.

3

வெறுங்கால் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்' என்று ஆவோ வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்களிடம் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேடிக்கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலையே நம் பண்பாடு என்று கொண்டாடுவது தேசியவாதத்தின் பழைய தந்திரம். இல்லாமையைத் தத்துவமாக்குவது. 1952 ஹெல்சிங்கியில், அந்தக் குளிரில், யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபோது தத்துவம் உதவவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஷூ கட்டாயமாயிற்று. நியாயமான விதிதான். ஆனால் அந்த விதி கல்கத்தாவிலிருந்து கிளம்பி நாமக்கல் மைதானத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது பாருங்கள். காலைக் காப்பாற்ற வந்த விதி, காலையே வெளியே உட்கார வைக்கிறது. விதியை அனுப்பினார்கள், ஷூவை அனுப்பவில்லை.

ஆவோவுக்கு முன்னால் ஒருவர் வெளிநாடு போயிருக்கிறார். முகமது சலீம். கல்கத்தா மொகமடன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் தொடர்ந்து ஐந்து வருஷம் லீக் பட்டம் வாங்கியதே, அந்த அணியில் ஆடியவர். 1936இல் ஸ்காட்லாந்து போய், காலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். பத்திரிகைக்காரர்கள் அவரை இந்திய வித்தைக்காரன் என்றார்கள். பிறகு வீட்டு ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். அவர் முன்வரிசைக்காரர், அதனால் 'வித்தை' என்ற சட்டகத்துக்குள் அவரை அடைக்க முடிந்தது. கீழ்த்திசை மனிதனிடம் மேற்கு எதிர்பார்ப்பது வித்தையை. ஒரு கறுத்த மனிதன் பின்னால் நின்று அமைதியாக, கணக்குப் போட்டு, பொறுப்பாக ஒரு கோட்டையைக் காப்பான் என்ற படிமமே அங்கே இல்லை. பொறுப்பு வெள்ளைக்காரனுடையது, வித்தை மற்றவனுடையது.

இன்னொரு முரணும் இருக்கிறது. சலீம் பிரிட்டிஷ் பேரரசின் குடிபடை. அடிமை நாட்டுக்காரனாக இருந்ததால் தடையில்லாமல் உள்ளே போனார். 2009இல் சுனில் சேத்ரியை லண்டனின் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்க முன்வந்தபோது, ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் எழுபதுக்குள் இல்லை என்று சொல்லி வேலை அனுமதி மறுத்தார்கள். சுதந்திர நாட்டுக் குடிமகனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. ஒருவனின் ஆட்டத்தை அவன் காலை வைத்து அளக்கவில்லை, பாஸ்போர்ட்டை வைத்து அளக்கிறார்கள்.

4

அமெரிக்கர்கள் கதை வேறு. ஸ்டீவ் செருண்டோலோ என்று ஒரு தடுப்பாட்டக்காரர். கலிபோர்னியாவில் வளர்ந்து, போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆடி, 1999இல் ஜெர்மனியின் ஹனோவர் அணிக்குப் போனார். 2014 வரை, பதினைந்து வருஷம், அதே ஊர், அதே அணி. அணித் தலைவராக இருந்தார். ஊர் ஜனங்கள் அவரைச் செல்லமாக 'மேயர்' என்றார்கள். அமெரிக்காவிலும் கால்பந்து அப்போது பெரிய விளையாட்டு இல்லை. 1994இல் உலகக் கோப்பையை நடத்தினார்கள், 1996இல் தொழில்முறை லீக் தொடங்கினார்கள், கல்லூரிகளில் உதவித்தொகை இருந்தது, பின்னால் டாலர் இருந்தது. செருண்டோலோவின் சாதனை என்று நான் நினைப்பது அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை அல்ல. வேற்று நாட்டில் பதினைந்து வருஷம் அவர் சாதாரணமாக இருக்க முடிந்தது. ஒரு நாள் மோசமாக ஆடினால் 'செருண்டோலோ மோசமாக ஆடினார்', அவ்வளவுதான். 'அமெரிக்கனுக்கு ஆட வராது' என்று ஆகாது.

இப்போது சந்தேஷ் ஜிங்கான். சண்டிகரில் 1993இல் பிறந்தவர், இந்திய அணியின் தூணாக நின்ற பேக். 2021 ஆகஸ்டில் குரோஷியாவின் ஷிபெனிக் அணியில் சேர்ந்தார். அந்நாட்டு முதல் நிலை லீக் அணி ஒன்றில் சேர்ந்த முதல் இந்தியர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. போனதும் காலில் காயம். ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்காமல், 2022 ஜனவரியில், புறப்பட்டுப் போன அதே அணிக்குத் திரும்பி வந்தார். அந்த அணி ஏடிகே மோகன் பாகான். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஆவோ நின்ற இடத்தின் வாரிசு.

கேலி பண்ணினார்கள். 'போனான், பெஞ்சுல உக்காந்தான், வந்தான்.' இதில் அவர் தோல்வி எவ்வளவு? காயம் எல்லோருக்கும் வரும். ஆனால் 'முதல் இந்தியர்' என்ற பட்டத்தோடு போகிறவனுக்குக் காயம்படக்கூட உரிமை இல்லை. அவன் ஒரு ஆளாகப் போவதில்லை, நூற்று நாற்பது கோடிப் பேரின் மானமாகப் போகிறான். 'முதல்' என்ற சொல் பாராட்டு மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது ஒரு குற்றச்சாட்டு. சலீமிலிருந்து எண்பத்தைந்து வருஷம் ஆன பிறகும் 'முதல்' ஆள்தான் போய்க்கொண்டிருக்கிறான் என்றால், இரண்டாவது ஆளையும் பத்தாவது ஆளையும் உண்டாக்குகிற ஏற்பாடு நம்மிடம் இல்லை என்றுதானே அர்த்தம்? நமக்கு வேண்டியது முதல் இந்தியர் அல்ல. பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத நாற்பதாவது இந்தியர்.

5

நண்பர்கள் கேட்கலாம்: ஊரில் தலைக்கு மேல் பிரச்சினை கிடக்கிறது, கால்பந்துக்கு என்ன இப்போது? சரியான கேள்விதான். நான் சொல்ல வந்தது கால்பந்தை மட்டுமல்ல. யாரை எங்கே நிறுத்துவது என்பது மைதானத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. 'காலு கல்லு மாதிரி' என்று சொல்லி ஒருவனைப் பின்னால் நிறுத்துகிற அதே மொழிதான், அவன் எவ்வளவு பாரமும் தூக்குவான், எந்த வெயிலும் தாங்குவான் என்றும் சொல்கிறது. வலிக்காது என்று ஒருவனைப் பற்றி முடிவு செய்துவிட்டால் அவனுக்கு ஷூ வாங்க வேண்டியதில்லை.

எங்கள் பேக் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு முழுக்கப் போகின்றன, ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. அப்படி ஒரு வண்டியோடு போனவன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது காரவள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கையில் பார்த்தேன். சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாய்ப் போனவர்களில் எவரையும் 'முதல் இந்தியர்' என்று யாரும் எழுதியதில்லை. அவனையும் எழுதப் போவதில்லை. அங்கே சாயங்காலம் அந்த ஊர்ப் பையன்களோடு ஃபுட்பால் ஆடுவானாம்.

'எங்க ஆடுவ?' என்று கேட்டேன்.

'பேக்குதான்' என்றான். 'இப்ப ஷூ இருக்குது.'