சன்னல் வைத்த சிப்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சிம் லிம் ஸ்குவேர். 1987-இல் திறக்கப்பட்ட இந்த ஆறு மாடிக் கட்டடம் கணினிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பேர் போனது. ஜாலான் புசாரில் நிற்கும் சிம் லிம் டவரில் சிப், மின்தடை, ஒயர் என்று சில்லறைச் சாமான்கள் கிடைக்கும். கணினி பழுதுபார்க்கும் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே இருந்தது. அத்தொழிலில் ஆளைத் திணறவைத்த பழுதுகளில் ஒன்று ஃபர்ம்வேரில் வருவது.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நிரல் மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கிறது. அதுதான் ஃபர்ம்வேர். தமிழில் இதை நிலைபொருள் என்கிறார்கள். கடைப் பேச்சில் பயாஸ். தொடக்கத்தில் பல போர்டுகளில் அது இப்ராம் வகைச் சிப்பில் இருந்தது. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமான் 1971-இல் கொண்டுவந்த வகை அது. சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஆன சிறு சன்னல். அதன் மேல் வெளிச்சம் படாமல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்துப் புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம்போல வைத்தால் பழைய நிரல் அழியும், புதியதை எழுதலாம். பயாஸை மாற்றுவது என்றால் சிப்பையே மாற்றுவதுதான். புதியது ஓடாவிட்டால் பழையதைத் திரும்பச் செருகினால் போதும். மெதுவான வேலைதான், ஆனால் பத்திரமான முறை.

தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் 1990-களில் போர்டுகளுக்கு வந்தது. பயாஸை மாற்ற ஒரு ஃபிளாப்பி, ஒரு கட்டளை, சில நிமிடங்கள் போதும். ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது. திரையில் ஒரு புள்ளிகூட வராது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ், ஒரு கட்டளையாலேயே பயாஸை மாற்றிவிடலாம் என்ற பலவீனத்தில்தான் கைவைத்தது. பல கணினிகளில் ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு பயாஸிலும் குப்பையை எழுதியது. தென் கொரியாவில் மட்டும் இலட்சக்கணக்கான கணினிகள் அடிபட்டன.

செத்த சிப்பை மீட்கப் பழுதுபார்ப்பவர்கள் ஒரு துணிச்சலான வழி வைத்திருந்தார்கள். அதே மாதிரி இன்னொரு போர்டை நல்ல சிப்போடு கிளப்புவது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பைப் பிடுங்கிச் செத்ததைச் செருகுவது. பிறகு எழுதும் கட்டளையைக் கொடுப்பது. பயாஸ் அதற்குள் ரேமுக்கு நகலாகிவிடுவதால் கணினி நிற்காது. சிப்பின் ஒரு முனையிலுள்ள பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு பொருந்த வேண்டும். திருப்பிச் செருகினால் சிப் கருகிவிடும்.

லினக்ஸ் சர்வர்களில் தொல்லை வேறு. தேசியப் பல்கலைக்கழகத்தின் டெக்நெட் 1991-லேயே சிங்கப்பூரை இணையத்தோடு சேர்த்தது.  இணையம் வளரச் சர்வர்கள் பெருகின, லினக்ஸும் பரவியது. ஆனால் ஃபர்ம்வேரை எழுதும் கருவிகளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் டாஸுக்கும் விண்டோஸுக்குமே தந்தார்கள். அதற்காகவே சர்வரை நிறுத்தி டாஸில் கிளப்ப வேண்டியிருந்தது.

நெட்வொர்க் அட்டை போன்ற பாகங்களுக்கும் ஃபர்ம்வேர் உண்டு, சிலவற்றுக்கு அதை லினக்ஸ்தான் கோப்பிலிருந்து ஏற்றித் தர வேண்டும். 2011-இல் வந்த டெபியன் 6 என்ற லினக்ஸ் பதிப்பு, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைக் கெர்னலிலிருந்து நீக்கியது. கொள்கை சரியானதுதான். விளைவு, சில பிராட்காம் நெட்வொர்க் அட்டைகள் கொண்ட சர்வர்கள் மேம்படுத்திய பின் வாய் திறக்கவில்லை. பதிவில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். விடுபட்ட பொதியை இறக்க நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் வர அந்தப் பொதி வேண்டும். யூஎஸ்பியில் எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு நேரில் போனவர்கள் பலர். 2023-இல் டெபியன் 12 அந்தக் கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்தது.

ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கிய எஃப்டபிள்யூயுபிடி என்ற நிரல், தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை லினக்ஸிலிருந்தே இறக்கி, அடுத்த ரீபூட்டில் எழுத வழி செய்தது. இதன் தேவை பெரிது: 2020-இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன. அத்தனை சர்வர்களையும் ஆள் போய்த் திறந்து பார்க்க முடியாது.

இருந்தும் எழுதுவது பாதியில் அறுந்தால் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். இன்றைய சிப்புக்குப் பெரும்பாலும் எட்டே கால்கள். கவ்வி ஒன்றை அதன் மேல் மாட்டி, வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து ஃபிளாஷ்ராம் நிரலால் உள்ளிருப்பதை இரண்டு முறை படித்து, இரு நகல்களும் ஒத்துப்போனால் மட்டுமே புதியதை எழுதுகிறார்கள்.