யு ஸ்கார்ப்பி

விருச்சிக மண்டலத்திலுள்ள மீள்நோவா. அதாவது, திரும்பத் திரும்ப வெடிக்கும் நோவா. 1863 மே 20 அன்று, நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் இதைக் கண்டார். அன்று அதன் பொலிவெண் 9.1. தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. (பொலிவெண் ஏற ஏற ஒளி குறையும். ஐந்து படிக்கு 100 மடங்கு என்ற இன்றைய அளவுகோலை வகுத்தவரும் இதே போக்சன்தான்.) சில நாட்களிலேயே விண்மீன் மங்கி மறைந்தது.

விருச்சிகத்தின் மாறும் விண்மீன்களுக்கு ஆர், எஸ், டி என்று எழுத்து கொடுத்துவந்த வரிசையில் இதற்கு ‘யு’ விழுந்தது. பெயரை வைத்து இது நோவா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த 77 ஆண்டுகள் வேறு வெடிப்பு எதுவும் தெரியவரவில்லை.

வெடிப்புகள் நடக்காமல் இல்லை, பார்க்கத்தான் ஆளில்லை. ஹார்வர்டு வானாய்வகம் இரவுதோறும் எடுத்துச் சேர்த்த கண்ணாடித் தகடுகளில் அவை பதிவாகியிருந்தன. தகட்டில் வானம் வெளுப்பு, விண்மீன்கள் கரும்புள்ளிகள். ஒரு தகட்டில் புள்ளி இருக்கும். முந்தைய தகட்டில் அதே இடம் காலியாக இருக்கும். இப்படி ஒப்பிட்டு 1906, 1936 வெடிப்புகளை 1940-ல் ஹெலன் தாமஸ் கண்டெடுத்தார். 1917, 1945, 1969 ஆகியவற்றைப் பின்னாளில் வானியலாளர் பிராட்லி ஷேஃபர் பழைய பதிவுகளிலிருந்து மீட்டார். போக்சனுக்குப் பிறகு, வெடிக்கும்போதே கண்டுகொண்டது 1979-ல்தான்.

இது ஓர் இரட்டை விண்மீன். 1.23 நாளில் ஒன்றையொன்று சுற்றும் இணையில், துணை விண்மீனின் ஹைட்ரஜன் வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) மேல் படிந்துகொண்டே வரும். அழுத்தம் மிகும்போது அணுக்கரு எரிப்பு மூண்டு வெடிக்கும். இங்குள்ள வெண்குறுமீன் சந்திரசேகர் எல்லையை, அதாவது ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறையை, நெருங்கும் அளவுக்குக் கனமானது என்று கணிக்கப்படுகிறது. கனம் கூடினால் கொஞ்சம் வாயுவே போதும். பத்தாண்டு வாக்கிலேயே அடுத்த வெடிப்பு வருவதற்குக் காரணம் இதுதான்.

பொலிவெண் 18 அளவில் கிடக்கும் விண்மீன் 7.5 வரை ஏறுகிறது. பத்தாயிரம் மடங்குக்கு மேல். ஆனால் உச்சத்திலிருந்து மூன்று படி இறங்க ஒரு வாரம்கூட ஆகாது. கார்த்திகை, மார்கழியில் சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால் அப்போது வெடித்தால் பார்க்க வழியே இல்லை.

வெடிப்பு 2009 ஏப்ரல் வாக்கில், ஓராண்டு முன்பின்னாக வரும் என்று ஷேஃபர் முன்கூட்டியே கணித்திருந்தார். 2010 ஜனவரி 28 விடியலில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த இரு அமெச்சூர் வானோக்கர்கள் தனித்தனியே அதைப் பிடித்தார்கள். தகவல் பரவியதும் விண்வெளித் தொலைநோக்கிகளும் அதன் பக்கம் திரும்பின. அதற்கடுத்த வெடிப்பு 2022 ஜூன் 6 அன்று ஜப்பானில் முதலில் தென்பட்டது.