பாட்டும் பல்லியமும்

பல இசைக்கருவிகள் கூடி ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் 'பல்லியம்' என்றனர். இன்று 'ஆர்க்கெஸ்ட்ரா' என வழங்குவதற்கு ஏற்ற பழஞ்சொல் இதுவே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்கு இசைத்த கருவிகளின் முறை கூறப்படுகிறது. குழலை அடியொற்றி யாழும், யாழை அடியொற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் செல்ல, ஆமந்திரிகையும் உடன் கூடிற்று என்பது இளங்கோவடிகள் காட்டும் நிரல். அங்கு ஒரு கருவி முன்செல்ல, மற்றவை அதனைப் பின்பற்றுகின்றன.

மேனாட்டுப் பல்லியத்தின் நெறி வேறு. அங்கே வயலின் ஒரு வழியிற் செல்லும். செல்லோ மற்றொரு வழியிற் செல்லும். கொம்பு பிறிதொரு வழியிற் செல்லும். யாவும் ஒரே காலத்தில் ஒலித்து ஒருங்கிசையும். முன்னதைப் பின்செல்லும் இசை என்றும், பின்னதை உடன்செல்லும் இசை என்றும் கூறலாம். ஒரு குரலுக்குப் பிறந்த பாட்டை மேனாட்டுப் பல்லியத்துக்கு மாற்றுவோர் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

இதற்கு அண்மைக்காலச் சான்றாக விளங்குவன ஆங்கில ராக் பாடல்கள். கித்தாரும் முரசும் கொண்டு நால்வர் ஐவர் பாடிய பாடல்கள் அவை. அவற்றைப் பாடிய இளைஞர் பலர் இசையை எழுதவோ படிக்கவோ அறியாதவர். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அத்தகையோரே. அவர்தம் பாடல்களுக்குப் பல்லிய வடிவம் தந்தவர் முறையாக இசை பயின்ற ஜார்ஜ் மார்ட்டின். 1965இல் 'எஸ்டர்டே' என்னும் பாட்டுக்கு நான்கு நரம்புக் கருவிகளைச் சேர்த்தார். 1966இல் 'எலனோர் ரிக்பி' என்னும் பாட்டுக்கு வயலின் நான்கு, வயோலா இரண்டு, செல்லோ இரண்டு ஆக எட்டுக் கருவிகளை அமைத்தார். அப்பாட்டில் கித்தாரும் இல்லை, முரசும் இல்லை. ஆயினும் முரசின் துடிப்பை நரம்புகளே குறுகிய வெட்டோசைகளால் காட்டின. துணைக்கு யாருமில்லாத எளியோரைப் பற்றிய பாட்டாதலின், அவ்வறண்ட ஓசை பொருளுக்கு மிகவும் பொருந்திற்று.

1970களின் பிற்பகுதியில் இலண்டன் சிம்பொனி இசைக்குழு, புகழ்பெற்ற ராக் பாடல்களைப் பல்லியத்தில் இசைத்து 'கிளாசிக் ராக்' என்ற பெயரில் இசைத்தட்டு வரிசையொன்றைத் தொடங்கிற்று. குவீன் குழுவினரின் 'பொகீமியன் ராப்சடி' அவற்றுள் ஒன்று. அதனை இயற்றிய பிரெடி மெர்க்குரி, மராட்டிய நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிக் கல்வி பயின்றவர் என்பது பலர் அறியாத செய்தி.

இத்தகைய மாற்றங்கள் எல்லாம் வெற்றி பெற்றனவல்ல. பாடகன் பாடிய மெட்டை வயலின்கள் அப்படியே திரும்ப வாசித்தால், பாட்டு சொல்லிழந்து வெற்றோசையாக நிற்கும். நல்ல மாற்றம் அவ்வாறன்று. அது மூலத்தில் மறைந்து கிடப்பதை வெளிக்கொணரும். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எத்தகையதோ, பாட்டுக்குப் பல்லிய அமைப்பும் அத்தகையதே. உரை மூலத்தை நீக்கி அதன் இடத்தில் அமர்வதில்லை. மூலத்தையே வேறு சொற்களில் திருப்பிக் கூறுவதும் உரையாகாது.

தமிழகத்தில் இம்முயற்சியின் வேர் இருநூறாண்டு பழமை வாய்ந்தது. ஆனால் அது எதிர்த்திசையில் தொடங்கிற்று. 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பாண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் இயற்றினார். ஏறக்குறைய நாற்பது எனப்படும் அவை 'நோட்டுசுவர சாகித்தியம்' என்று பெயர் பெற்றன. பிரிட்டனின் நாட்டு வாழ்த்து மெட்டில் அமைந்த 'சந்ததம் பாகிமாம்' அவற்றுள் யாவரும் அறிந்தது. அங்குப் பல்லியத்தின் மெட்டு ஒரு குரலுக்கு இறங்கி வந்தது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரிய கருவியாக்கினார்.

இதன் மறுதிசையில் நடந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். தமிழ்நாட்டில் வாய்வழியாக மட்டுமே வழங்கிய கீர்த்தனங்களை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி 1892ஆம் ஆண்டு முதல் அச்சிட்டு வெளியிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரைத் தம் குடும்பச் செல்வமாகிய இசையை நூலாக்கும்படி தூண்டியவரும் அவரே. அந்நூலாகிய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904இல் வெளிவந்தது. அதனைக் காண முதலியார் உயிரோடில்லை, 1901இலேயே மறைந்தார்.

அவர் எதிர்கொண்ட இடர் இன்றும் தீர்ந்தபாடில்லை. நம் இசையின் உயிர் சுரத்தில் மட்டும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்லும் அசைவிலும் இருக்கிறது. கமகம் எனப்படும் அவ்வசைவை ஐந்து கோடுகளுக்குள் முழுவதும் அடக்க இயலாது. தாளைப் பார்த்து வாசிக்கும் அறுபது பேர் ஒரே வகையாக அசைப்பதும் அரிது. ராக் பாட்டுக்கு இவ்விடர் குறைவு. அதன் கித்தார் முன்னரே பல சுரங்களைச் சேர்த்தொலிப்பதாதலின், பல்லியத்துக்கு எளிதில் பிரித்துக் கொடுக்கலாம்.

இவ்விடரை நன்கு உணர்ந்து நடந்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றவர். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார். அதில் வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் கமகத்தைத் தாங்க, சூழ நின்ற நரம்புக் குழு உடன்செல்லும் இசையை வழங்கிற்று. அசைவது தனிக்கருவி, தாங்குவது குழு. 2005இல் திருவாசகப் பாடல்களை அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் அளித்தபோதும், மணிவாசகரின் சொல் பாடகர் குரலிலேயே நின்றது. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறிற்று.

பினாங்கு மண்ணிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1929இல் அங்கே பிறந்த பி. ரம்லியின் மலாய்ப் பாடல்கள், 1960களின் நடுவில் கித்தார்க் குழுக்களின் புதுப்பாணி பரவியபோது செல்வாக்குக் குன்றின. 1973இல் அவர் மறைந்தார். அப்பாடல்களைப் பிற்காலத்தில் பெரும் பல்லியங்கள் விரும்பி இசைத்தன. கித்தாரின் பாட்டும் பல்லியத்துக்கு வந்தது; கித்தாரால் ஒதுக்கப்பட்ட பாட்டும் பல்லியத்துக்கு வந்தது.

எழுத்தின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டும். டீப் பர்ப்பிள் என்னும் ராக் குழுவின் ஜான் லார்டு, தம் குழுவும் பல்லியமும் சேர்ந்திசைக்க ஒரு நெடும் படைப்பை எழுதினார். அது 1969 செப்டம்பர் 24ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறிற்று. அடுத்த ஆண்டே அதன் எழுத்துப்படி தொலைந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுக்குப் பின் டச்சு இசைவாணர் ஒருவர், பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதனை மீண்டும் எழுதினார். 1999இல் அது அதே மண்டபத்தில் மறுபடியும் ஒலித்தது. பதிவு இருந்தமையால் அப்படைப்பு பிழைத்தது.

பதிவும் எழுத்தும் இல்லாத பாட்டுக்கு அந்நற்பேறு இல்லை. சுங்கை பாக்காப் முதலிய பினாங்குப் பெருநிலத்து ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், முதலிற் கரும்பிலும் பின்னர் இரப்பரிலும் பாடுபட்ட தமிழர் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடினர். அப்பாடல்களின் சொற்கள் ஏட்டில் ஏறிய அளவுக்கு அவற்றின் மெட்டுகள் ஏறவில்லை. பல்லியம் அமைப்போர் எக்காலத்தும் வரலாம். உரை எழுதுவோரும் எக்காலத்தும் வரலாம். ஆனால் மூலம் இருந்தாலன்றோ உரை உண்டு? முதியோர் ஒருவர் பாடும் தாலாட்டை ஒலிப்பதிவு செய்து, மெட்டைச் சுரப்படுத்தி, பாடியவர் ஊரையும் ஆண்டையும் குறித்து வைப்பது ஒரு பள்ளியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. சின்னசாமி முதலியார் கீர்த்தனத்துக்குச் செய்த தொண்டைத் தாலாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை தமிழாசிரியர்களைச் சார்ந்தது.