நார்க்கஞ்சாத் தண்டும் வாணக் கரியும்: சிவகாசிக்கான ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

வாண மருந்து என்றால் வெடியுப்பைப் பற்றியும் அலுமினியப் பவுடரைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். கரித்தூளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். ஜப்பானிய வாணக் கலைஞர்களோ, கரி எந்தச் செடியின் தண்டிலிருந்து வந்தது என்பதையும் பார்க்கிறார்கள். அவர்கள் போற்றும் கரிகளுள் ஒன்று கஞ்சாச் செடியின் தண்டைச் சுட்டு எடுப்பது. அந்தச் செடிக்கு விருதுநகர் மாவட்டத்தில் இடம் உண்டா, இல்லையென்றால் அதனிடமிருந்து சிவகாசி கற்க வேண்டியது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. செடியும் தட்பவெப்பமும்

2.1 குளிர் வேறு, ஈரம் வேறு

கஞ்சாச் செடிக்கு 1753-இல் லின்னேயஸ் ‘சடைவா’ என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற செடியை வைத்து 1785-இல் லமார்க் ‘இண்டிகா’ என்ற தனி இனத்தைக் குறித்தார். இன்று இண்டிகா வகை என்று பரவலாகச் சொல்லப்படும் குட்டையான, அகன்ற இலைச் செடிகள் இந்துகுஷ் மலைப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே பூக்கும் காலத்தில் குளிர் உண்டு, மழை அரிது. ஆகவே அவ்வகை குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. அதன் பூங்கொத்து இறுக்கமானது, உள்ளே காற்று புகாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்து வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் நிற்கும்போது ‘பாட்ரிட்டிஸ்’ என்னும் சாம்பல் பூஞ்சை கொத்தின் நடுவிலிருந்தே அழுகலைத் தொடங்கிவிடும். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். 

2.2 பகலின் நீளம்

இது பகல் குறையும்போது பூக்கும் செடி. பகல் நீளமாக இருக்கும்வரை தண்டு வளரும்; குறைந்ததும் வளர்ச்சி நின்று பூவெடுக்கும். ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் ஜூன் மாதப் பகல் சுமார் பதினான்கரை மணி நேரம். சிவகாசி இருப்பது ஒன்பதரைப் பாகை வட அட்சரேகையில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம்தான். வடநாடுகளுக்கென்று உருவாக்கிய நார்க்கஞ்சா வகையை இங்கே விதைத்தால் போதிய உயரம் எட்டுமுன்பே பூக்கத் தொடங்கிவிடும். நாருக்கோ கரிக்கோ உதவும் தண்டு கிடைக்காது. மேற்கே மலையேறினால் இண்டிகா வகைக்கு ஏற்ற குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் பகல் குறையும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் அங்கே இறங்குகிறது. பூக்கும் காலமும் ஈரக் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

2.3 தொச்சிகியின் வழி

தொச்சிகியிலும் கோடை ஈரமானதுதான். அங்குள்ள உழவர்கள் இளவேனிலில் நெருக்கமாக விதைத்து, ஜூலை வாக்கில், பூ முற்றுவதற்கு முன்பே அறுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தண்டு. ஆகவே பூவை அழிக்கும் ஈரம் அவர்களைத் தீண்டுவதில்லை. போதைப்பொருள் மிகக் குறைந்த ‘தொச்சிகிஷிரோ’ என்ற வகையையே பயிரிடுகிறார்கள். நாரை உரித்தபின் மிஞ்சும் வெண்மையான உள்தண்டுதான் வாணக் கரிக்குப் போகிறது.

3. சட்டத்தின் வரம்பு

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கஞ்சாப் பயிரைத் தடை செய்கிறது. மீறிப் பயிரிட்டால் 20-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாருக்காகவோ விதைக்காகவோ அரசு சிறப்பு ஆணையால் அனுமதிக்கலாம் என்பது 14-ஆம் பிரிவு. அவ்வழியில் உத்தராகண்ட் 2018-இல் முதல் உரிமம் வழங்கியது. அங்கே போதைப்பொருளின் அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இமயமலைக் கிராமங்களில் இச்செடி நாருக்கும் விதைக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. நம் கரிசல் காட்டுக்கு அந்த மரபும் இல்லை, அந்தப் பகல் நீளமும் இல்லை. வெடிபொருள் உரிமத்தின் கீழ் வாழும் ஊர் இன்னொரு கடும் சட்டத்தின் வாயிலில் போய் நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

4. கரியின் குணம்

4.1 எது வேகம் தருகிறது?

கருமருந்தின் பழைய விகிதம் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. எடையில் கரி சிறு பங்குதான். எரியும் வேகத்தில் அதன் பங்கு பெரிது. லேசான, நுண்துளை மிகுந்த, சாம்பல் குறைந்த கரி விரைந்து எரியும். ஐரோப்பியர் வில்லோ, ஆல்டர் மரங்களை நாடியதும், ஜப்பானியர் கஞ்சாத் தண்டையும் பவுலோனியா மரத்தையும் நாடியதும் இதற்காகவே. பைன் மரக் கரி மெதுவாக எரிந்து நீண்ட பொன்னிறப் பொறி தரும். வானில் விரிய வேண்டிய வாணத்துக்கு ஒரு கரி, தரையில் பூவாய்ச் சொரிய வேண்டிய புஸ்வாணத்துக்கு வேறொரு கரி.

4.2 ஈரம் என்னும் பொதுப் பகை

1920-களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றவும் பின்னர் பட்டாசு வளரவும் இங்குள்ள வறண்ட காற்று பெருந்துணையாக நின்றது. கரி நுண்துளை கொண்டதால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். மழைக்காலத்தில் காயாத மருந்தைத் தேக்கி வைப்பது ஒரு தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது. கரியின் தரம் பற்றிய ஆய்வில் ஈர அளவும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

5. விருதுநகர் மண்ணில் உள்ள தண்டுகள்

நம் மாவட்டத்துக் கரிமூட்டங்களில் பெரும்பாலும் வேகுவது சீமைக்கருவேலம். அது கனமான, உறுதியான கரி, அடுப்புக்கு அருமையானது. லேசான கரி வேண்டுமானால் வேறு தண்டுகளைச் சோதிக்க வேண்டும். மூன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

அ) பருத்திமார்: கரிசல் மானாவாரியில் ஆண்டுதோறும் மிஞ்சுவது, பெரும்பாலும் விறகாகவே எரிகிறது.

ஆ) துவரைமார்: மெலிந்த தண்டு, கிராமத்து அடுப்புகளுக்கு நன்கு பழகியது.

இ) சணப்பு: பசுந்தாள் உரத்துக்காக விதைப்பது. நாருக்காக முற்றவிட்டு உரித்தால் உள்தண்டு மிஞ்சும். கஞ்சாவுக்கும் இதற்கும் தாவர உறவு கிடையாது. சட்டத் தடையும் கிடையாது. தொச்சிகியின் முறைக்கு மிக நெருங்கி வருவது இதுவே.

இம்மூன்றையும் ஒரே வெப்பத்தில், காற்றை அடைத்துச் சுட்டு, அடர்த்தி, சாம்பல், ஈரம் மூன்றையும் அளக்க வேண்டும். எரிவேகச் சோதனை உரிமம் பெற்ற கூடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. பட்டாசு ஆராய்ச்சிக்கு சிவகாசியிலேயே மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் மையம் இருக்கிறது. இவை சேர்ந்து செய்யக்கூடிய பணி இது.

6. முடிவு

கஞ்சாச் செடியின் இண்டிகா வகை குளிரைப் பொறுக்கும், பூக்கும்போது ஈரத்தைப் பொறுக்காது. நார் வகையோ தண்டு ஓங்க நீண்ட பகல் கேட்கும். இம்மாவட்டம் அந்தப் பகலைத் தராது. சட்டமும் எளிதில் இடம் தராது. ஆகவே அச்செடியை இங்கே கொண்டுவரும் யோசனை பயனற்றது. அதன் பின்னுள்ள அறிவு பயனுள்ளது: வாணத்துக்கு ஏற்ற கரியைத் தண்டிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2018-இல் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின், பச்சை நிறத்துக்கும் வெடிப்புக்கும் பழகிய மருந்துகள் பலவற்றைத் தொழில் கைவிட வேண்டியதாயிற்று. கரியின் பொன்னிறத்தை நம்பிய வாணங்களுக்கு இது தகுந்த காலம். பருத்திமாரைத் தேடி வாங்கும் ஆலை ஒன்று வந்தால் கரிசல் உழவருக்கு ஒரு வருவாய் கூடும். அளந்து சோதித்த கரி வந்தால் மருந்து அறையில் கைவைக்கும் தொழிலாளிக்கு ஓர் ஐயம் குறையும். அந்த இரண்டு நன்மைகளுக்காகவே இந்த ஆய்வை உடனே தொடங்க வேண்டும்.