நடுநிசியில் ஒரு தாகம்

பகலில் அடிக்கடி தண்ணீர் குடித்தால் வெயிலின் மேல் பழி போடலாம். அடிக்கடி எழுந்து போனால் காப்பியின் மேல் போடலாம். ராத்திரியில் இந்தச் சாக்குகள் செல்லுபடியாவதில்லை. ஆரோக்கியமான தேகத்தில், தூங்கும்போது சிறுநீர் சுரப்பது தானாகவே குறைந்துவிடும். அப்படியின்றி, இரவில் இரண்டு மூன்று தரம் எழுந்து போவதும், திரும்பி வந்து வறண்ட நாக்கோடு தண்ணீர்ச் செம்பைத் தேடுவதுமாக இருந்தால், உடம்பு எதையோ சொல்ல வருகிறது என்று அர்த்தம்.

அது சொல்லும் சங்கதி மிகப் பழையது. கப்படோசியா நாட்டுக் கிரேக்க வைத்தியர் அரிட்டியஸ், தாகமும் தணியாமல், நீரும் நிற்காமல், சதை கரைந்து போகும் நோயாளிகளைப் பற்றிப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். 'டயாபிடீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடுருவி ஓடுவது என்று பொருள். தமிழில் நாம் 'நீரிழிவு' என்கிறோம். இழிதல் என்றாலும் கீழே வழிந்தோடுவதுதான். இரண்டு தேசத்தாரும் ஒரே காட்சியைக் கண்டு பெயர் வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. சுச்ருதர் காலத்து வைத்தியர்கள் இனிப்பையும் கண்டுகொண்டு 'மதுமேகம்' என்றார்கள்.

லிவர்பூல் வைத்தியர் மாத்யூ டாப்ஸன் தம் நோயாளி ஒருவரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்ததைப் பற்றி 1776-ல் எழுதினார். அடியில் சர்க்கரை தங்கிற்று! அந்த மனிதருக்கு ஒரு நாளில் 28 பைண்ட் சிறுநீர் போயிற்று. நம் கணக்கில் பத்து லிட்டருக்கும் மேல். அவர் எத்தனை இரவுகள் உறங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடிவதில்லை. சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம்.

காரணம் புரிந்ததே ஒழிய, பிழைக்க வழி பிறக்கவில்லை. அதற்கும் ஓர் இரவு வேண்டியிருந்தது. 1920 அக்டோபர் 31. கனடாவின் லண்டன் நகரில், தூக்கம் வராத பிரெடரிக் பான்டிங் என்ற இளம் டாக்டர், அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, கணையத்தைப் பற்றித் தோன்றியதை நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1922 ஜனவரியில், டொரண்டோ ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற சிறுவனுக்குக் கணையச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. சுத்தப்படுத்திய சாற்றை 23-ம் தேதி செலுத்தியதும் சர்க்கரை இறங்கிற்று. அதுதான் இன்சுலின். சாவின் வாசலில் கிடந்த பையன் 1935 வரை உயிரோடிருந்தான்.

அதற்கு முந்திய தலைமுறைகளில் நோயைக் கண்டுகொண்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நமக்கோ மருந்து இருக்கிறது, கண்டுகொள்ளத்தான் மனமில்லை. "வயதானால் அப்படித்தான்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். இரவில் எழுவதெல்லாம் நீரிழிவு என்று நான் சொல்லவில்லை. புராஸ்டேட் வீக்கம், இருதயக் கோளாறு, படுக்குமுன் குடித்த தண்ணீர் எதுவும் காரணமாகலாம். நீரிழிவா இல்லையா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கி, தாகத்தோடு மெலிந்தும் வந்தால், தயவுசெய்து அதட்டாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். லியோனார்டுக்குக் கிடைத்த ஊசி அந்தக் குழந்தைக்கும் காத்திருக்கிறது.