சொத்து ஆவணத்தில் இல்லாத மூத்த மகன்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிறு நிலக்காரர் ஒருவரின் வம்சாவளியைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. மூத்த மகன் சிறு வயதிலேயே இறந்துவிட்டான் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் ஒன்றே ஒன்று: தந்தை இறந்தபின் பதிவான சொத்து ஆவணத்தில் மனைவியும் இளைய பிள்ளைகள் மூவரும் மட்டுமே இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் மூத்தவன் இருக்கிறான்; அவனை அடக்கம் செய்ததற்கான பதிவு எங்கும் இல்லை. பெயர் விடுபட்டதை மரணச் சான்றாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூல ஆவணத்தையே பார்க்க முடிவு செய்தேன். எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1513 முதலான இத்தகைய பதிவுகளைக் காத்து வருகிறது. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் இவற்றைக் கவனித்தவை கமிசரி நீதிமன்றங்கள். அவற்றின் எல்லைகள் மாவட்ட எல்லைகளோடு பொருந்தவில்லை. பழைய மறைமாவட்டங்களை ஒட்டி அமைந்திருந்தன. நான் தேடிய ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ் நீதிமன்றத்தின்கீழ் வந்தது.

இறந்தவர் உயில் எழுதவில்லை. நீதிமன்றமே நிர்வாகிகளை நியமித்து, எருது, பசு, ஓட்ஸ், பார்லி, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டிருந்தது. மதிப்பெல்லாம் ஸ்காட்லாந்து பவுண்டில். அதில் 12 சேர்ந்தால்தான் அன்று ஓர் ஆங்கிலப் பவுண்டு. மிச்சத்தை மூன்று பாகமாக்கியிருந்தார்கள்: மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, இறந்தவர் பங்கு ஒன்று.

வீட்டுச் சாமான்களுக்கான வரியில்தான் துப்பு இருந்தது. வாரிசுக்குரிய பொருள்கள் நீங்கலாக இவ்வளவு மதிப்பு என்று எழுத்தர் குறித்திருந்தார். அக்காலச் சட்டப்படி, நிலம் வைத்திருந்தவரின் சாமான்களிலும் கால்நடைகளிலும் ஒவ்வொரு வகையிலும் சிறந்தது நில வாரிசுக்குப் போகும். அது இந்தப் பட்டியலில் சேராது. அப்படியானால் அந்த மூவரையும் தவிர இன்னொரு வாரிசு இருந்திருக்க வேண்டும். அன்று நிலம் முழுதும் மூத்த மகனுக்கே சேரும். அதைப் பெறுபவனுக்குப் பொதுவாக அசையும் சொத்தில் பிள்ளைப் பாகம் கிடையாது. அவன் பெயர் இங்கே விடுபட்டதில் வியப்பே இல்லை.

ஆனாலும் எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் வாசகம் அது; அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாரிசுரிமை விசாரணைப் பதிவுகளின் சுருக்கம் 1811 முதல் 1816 வரை லத்தீனில் அச்சாகியிருக்கிறது. ஃபைஃப் பகுதியைப் புரட்டியபோது மூத்தவன் அகப்பட்டான்: தந்தையின் வாரிசாக, நிலத்தின் பெயரோடு. 1617இல் தொடங்கிய நில உடைமைப் பதிவேடு, அந்த நிலம் அவன் கைக்கு வந்ததை உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தில் நிலத்தை உயிலில் எழுதிவைக்கும் உரிமை 1868இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆவணத்தில் மூத்த மகனைக் காணவில்லையென்றால், நிலப் பதிவேடுகளைப் பார்க்காமல் அவனை இறந்தவர் வரிசையில் சேர்த்துவிடாதீர்கள்.