வட்டம் கலைந்த கும்மி

பெருமாநல்லூரின் வரலாற்றைக் கேட்டால் 1970ஐச் சொல்வார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆண்டு அது. இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அதே மண்ணில் பெண்கள் கும்மியடித்ததற்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. நம் கண்முன்னே அந்தக் கும்மி மாறிக்கொண்டிருப்பதால், கணக்கை இப்போதாவது எழுதத் தொடங்கலாம்.

கும்மிக்கு ஊடகம் புதிதல்ல. அச்சு மலிவானதும் சென்னை குஜிலிக் கடைகளில் கும்மிப் பாட்டுப் புத்தகங்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என எல்லாமே கும்மி மெட்டில் ஏறின. பாரதி பெண் விடுதலையைப் பாடத் தேர்ந்த வடிவங்களில் ஒன்றும் கும்மிதான். மெட்டு பெண்களுடையது, அச்சில் பெயர் போட்டுக்கொண்டவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

கொங்கின் வள்ளி கும்மியில் ஆட்டமும்கூட நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. அதைப் பெண்களுக்குக் கற்றுத்தந்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன். 2024இல் தம் எண்பத்தேழாம் வயதில் பத்மஸ்ரீ பெற்றார். அந்தக் கதவு திறந்த பிறகு கைபேசி வந்தது. இன்று ஊர் ஊராக அரங்கேற்றம் நடக்கிறது. ஒரே நிறப் புடவையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள். காணொளியைப் பார்த்து வீட்டிலேயே அடவு பழகிக்கொண்டு வருகிறார்கள்.

என் மாணவிகள் சிலர் இதே வழியில்தான் பிடிஎஸ் பாட்டுகளுக்கும் ஆடக் கற்றார்கள். (கொரிய எழுத்தைக்கூடப் படிக்கிறார்கள், தொல்காப்பியத்துக்கு அந்த ஆர்வம் வந்தால் நன்றாயிருக்கும்.) தமிழ்நாட்டின் ரசிகர் மன்ற வரலாறு கட்அவுட்டுக்குப் பாலூற்றிய ஆண்களின் வரலாறு. பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் வேலை செய்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் கைபேசி வாங்கும் பெண்ணுக்கோ மன்றம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. யாரைப் பிடிக்கும் என்று அவள் உரக்கச் சொல்கிறாள். இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இரண்டு ஆட்டங்களையும் படமெடுக்கும் விதம் வேறு. கொரிய ரசிகர்களின் கேமரா கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் பின்தொடரும். 2014இல் எக்ஸிட் குழுவின் ஹானியை ஒரு ரசிகர் அப்படி எடுத்த காணொளி பரவியதால், பட்டியலிலிருந்து இறங்கிவிட்ட பாட்டு மறுபடி மேலேறியது. வள்ளி கும்மியை எடுப்பதோ டிரோன். மேலேயிருந்து பார்த்தால் கோலம் தெரியும், முகம் தெரியாது. கும்மி என்பது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வட்டமாக ஆடுவது. பெருங்கூட்டமும் கேமராவும் வந்ததும் வட்டம் வரிசையாகிறது. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மேடை இருக்கிறது. மேடையில் சாதிப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மேடையிலிருந்து, சொந்தச் சாதியில்தான் திருமணம் செய்துகொள்வோம் என்று ஆடவந்த பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். எந்தக் கதையைப் பாடி ஆடிய பெண்கள்? வேடர் குடியில் வளர்ந்து, தினைப்புனம் காத்து, தானே விரும்பியவனோடு போன வள்ளியின் கதையை. களவு மணத்தைப் பாடிய வாயாலேயே களவுக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். ஒரு கலைக்கு இவ்வளவு கூட்டம் சேரும்போது, அந்தக் கூட்டத்தை யார் எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே எண்ணப்பட்டது பெண்களின் தலை. கணக்கில் ஏறியது சாதியின் பலம்.

அந்த உறுதிமொழி வெளியுலகுக்குத் தெரிந்ததும் கைபேசியால்தான். காணொளி பரவியது, கண்டனம் எழுந்தது, கிராமத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய சத்தியம் நாடறிந்த விவாதமானது. அந்தச் சில நொடிகளில் மைக் பிடித்தவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. பெண்களின் குரல் கூட்டாகத்தான் கேட்கிறது. அவர்களில் யார் உதட்டை மட்டும் அசைத்தார்கள் என்று டிரோனுக்குத் தெரியாது.